பன்னிரண்டு டி இழுத்த கயிறு

ஜனவரி 19, திங்கள்

பொங்கல் லீவு முடிந்து பள்ளி. காலையில் நல்ல பனி. சைக்கிளில் போய்ச் சேர்வதற்குள் மூக்கு ஒழுகல். கரும்பு கிழித்த நாக்கு இன்னும் ஆறவில்லை.

திருப்புதல் தேர்வு பேப்பர் கொடுத்தார்கள். வணிகவியல் பரவாயில்லை. கணக்குப் பதிவியல் சுமார். தமிழில் கையெழுத்துக்காகக் குறைத்துவிட்டார், அநியாயம். ஆங்கிலத்தைப் பற்றி எழுத விருப்பமில்லை.

முக்கியச் செய்தி: 30ஆம் தேதி விளையாட்டு விழா. பிளஸ் டூ செக்ஷன்களுக்குள் கயிறு இழுக்கும் போட்டி இந்த வருடமும் உண்டு. இந்தத் தடவை எங்கள் முறை. மற்ற எல்லாக் கோப்பையையும் சிறப்பு விருந்தினர் கொடுப்பார். இந்த ஒன்றை மட்டும் ஜெயித்த அணியின் கேப்டனுடைய அப்பாவோ அம்மாவோ மேடை ஏறிக் கொடுக்க வேண்டும். பள்ளியை விட்டுப் போகிற பையன்களுக்குச் செய்யும் மரியாதை. யார் ஆரம்பித்த வழக்கம் என்று தெரியவில்லை.

ஆறாம் வகுப்பிலிருந்து இங்கேதான் இருக்கிறேன். அப்பா இதுவரை மூன்று முறை பள்ளிக்கு வந்திருக்கிறார். மூன்றும் கம்ப்ளைண்ட். மூன்றும் என் தொண்டை செய்த வேலை. பள்ளியில் எனக்குப் பட்டப்பேரே மைக். பிரேயரில் கத்தியது. பரீட்சை ஹாலில் சிரித்தது. ரோட்டில் போன கல்யாண வேனைப் பார்த்துக் கூவியது. மூன்று முறையும் ஹெச்.எம். ரூமில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வெளியே வந்து திட்டக்கூட இல்லை. திட்டியிருக்கலாம்.

அப்பா ஒரே ஒரு தடவை அந்த மேடையில் ஏற வேண்டும். எழுதிவிட்டேன். இந்த டைரியை யாராவது படித்தால் கொலை.

பேர் கொடுக்கப் போனேன். பி.டி. சார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சங்கரு, ஒன்னச் சேத்தா கயித்துல காயப்போட்ட சட்ட மாதிரில்லா இருக்கும். போலே."

போனேன். ஆனால் கிரவுண்டை விட்டுப் போகவில்லை.


ஜனவரி 20, செவ்வாய்

அவமானம். விவரமாக எழுதுகிறேன், பிறகு மறந்துவிடலாம்.

மாலை முதல் பயிற்சி. ஏ, பி, சி மூன்றும் சயின்ஸ் செக்ஷன்கள். நாங்கள் டி, காமர்ஸ். கயிறு போட்டியில் டி ஜெயித்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. இந்தத் தடவை எட்டுப் பேர் நல்ல ஆட்கள். கயிற்றின் கடைசியில் காஜா. மேலப்பாளையத்துப் பையன். எங்கள் வகுப்பிலேயே கனமான ஆள், அதைச் சொன்னால் கோபம் வராத ஒரே ஆளும் அவன்தான். முன்னால் பேச்சிமுத்து. காஜாவைத் தவிர ஏழு பேரும் டவுண் பையன்கள். ஒவ்வொரு ஆனியிலும் நெல்லையப்பர் தேருக்கு வடம் பிடிக்கிறவர்கள்.

எதிரில் சி செக்ஷன். விசில். கயிறு இறுகியது. மெல்ல எங்கள் பையன்கள் பக்கம் நகர ஆரம்பித்தது. எனக்கு வெறி ஏறிவிட்டது. ஓரமாக நின்றவன் தேரோட்டத்தில் கத்துகிற மாதிரியே அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: "இழுங்கலே!"

அவ்வளவுதான். ஏழு பேரும் அப்படியே திரும்பிவிட்டார்கள். வடத்தைத் தோளுக்கு ஏற்றி, தலையைக் குனிந்து, தேர் பின்னால் வருகிற மாதிரி முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். காஜா மட்டும் ஒழுங்காக எதிரணியைப் பார்த்து நிற்கிறான். ஏழு பேர் அவன் முகத்துக்கு நேரே வருகிறார்கள்.

"ஏலே, எங்கன வாரிய? ஏலே!"

சி செக்ஷன்காரன்கள் சிரித்த சிரிப்பில் கயிற்றையே விட்டுவிட்டார்கள். ஏழு பேரும் காஜா மேல் விழுந்தார்கள்.

பி.டி. சார் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "முதுகு காட்டி இழுத்தா ஃபவுல். தேர் நிலைக்கு வந்துட்டுதா, இல்ல இன்னும் ஒரு தெரு பாக்கி இருக்கா?"

பேச்சிமுத்து என்னை விட்டுவிட்டுத் தனியாக வீட்டுக்குப் போனான்.


ஜனவரி 21, புதன்

பள்ளி முழுக்கப் பேர் பரவிவிட்டது. தேர் செக்ஷன். எட்டாம் வகுப்புப் பொடியன் ஒருத்தன் என்னைப் பார்த்து, "அண்ணே, அடுத்த தேர் எப்பண்ணே?" என்றான். அடிக்கப் போனேன், ஓடிவிட்டான். ஏ செக்ஷன் போர்டில் தேர்ப் படம். சக்கரத்தை நன்றாகத்தான் வரைந்திருந்தார்கள், அதனால் இன்னும் எரிச்சல்.

மதியம் சாப்பிடும்போது காஜா என்னிடம் வந்து உட்கார்ந்தான். முழங்கையில் பிளாஸ்திரி. நான் தேங்காய்த் துவையலை அவன் பக்கம் தள்ளினேன். வேறு என்ன செய்ய.

"ஏம்லே, அம்மாம் பெரிய தேரு. அத எப்படிலே இழுக்குதிய?"

"ஊரே சேந்து இழுக்கும்லே."

"ஊரு நாள் பூரா இழுத்துக்கிட்டேவா இருக்கும்?"

"இல்லலே. சும்மா நிக்கும்போது யாரும் இழுக்க மாட்டாக. வடத்த இறுக்கிப் புடிச்சுக்கிட்டு நிப்பாக, அவ்வளவுதான். பின்னால சக்கரத்துக்குத் தடி போட்டு நெம்புவாக. சத்தம் வந்த ஒடனே எல்லாரும் ஒரே இழுப்பு."

காஜா சோற்றை மென்றுகொண்டே யோசித்தான். "நேத்து நாங்க எல்லாரும் அவனவன் இஷ்டத்துக்கு இழுத்தோம். முழுநேரமும் இழுத்தோம். கை செத்துட்டுது. ஆனா நீ ஒரு சத்தம் போட்ட பாரு, ஏழு பயலுவளும் ஒண்ணாத் திரும்பிட்டானுவ. ஒருத்தன்கூட பிந்தல. அந்தத் தொண்டைய வச்சு எதாச்சும் செய்யிலே."

துவையலை அப்படியே விட்டுவிட்டுப் பேச்சிமுத்துவைத் தேடி ஓடினேன்.


ஜனவரி 22, வியாழன்

வெயில். கிரவுண்டில் புழுதி.

முடிவு: யாரும் இஷ்டத்துக்கு இழுக்கக் கூடாது. நான் பக்கத்தில் நின்று கத்துவேன். என்ன கத்துவது என்று பெரிய சண்டை. சாமி பேர் வேண்டாம், எட்டுப் பேருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்று பேச்சிமுத்துவே சொன்னான். ஒன்று இரண்டு மூன்று சரிப்படவில்லை, மூன்றுக்குள் எதிரணி இழுத்துவிடுகிறது. கடைசியில் கோபத்தில் நான் "ஏலே, ஒழுங்காக் கேளுங்கலே" என்று கத்த, அதுவே நிலைத்துவிட்டது. "ஏ..." என்று இழுத்தால் கயிற்றை இறுக்கிக் குதிகாலை ஊன்ற வேண்டும். "லே!" என்றால் எட்டு முதுகும் ஒன்றாகச் சாய வேண்டும். திரும்பக் கூடாது. திரும்புகிறவன் அன்றைக்கு எல்லாருக்கும் வடை வாங்கித் தர வேண்டும்.

பதினொன்றாம் வகுப்புப் பையன்களை எதிரில் நிறுத்தினோம். ஏ... லே! ஏ... லே! நான்காவது லே-யில் அவர்கள் எங்கள் பக்கம் வந்துவிட்டார்கள். நம்பவே முடியவில்லை. திரும்பவும் வைத்தோம். திரும்பவும் வந்தார்கள்.

பி.டி. சார் அருகில் வந்து நின்றார். சிரிக்கவில்லை. "கூப்பிடுதவன்தான் கேப்டன். சங்கரு, பேர எழுதிக்கிடுதேன்."

கேப்டன்! நான்!

பிறகு எல்லார் மணிக்கட்டையும் பார்த்தார், சாதிக்கொரு கலரில் கயிறு. "கலர் கலராக் கட்டியிருக்குத கயித்தெல்லாம் கழத்துங்கலே. இந்த கிரவுண்டுல ஒரே கயிறுதான்." கழற்றினார்கள். ஒருத்தன் மட்டும் முனகினான். சார் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார், அவனும் கழற்றிவிட்டான்.

அதற்குள் ஹெச்.எம். ஜன்னலிலிருந்து கூப்பிட்டார். பெற்றோர்கள் வருகிறார்கள், சிறப்பு விருந்தினர் வருகிறார், அவர்கள் முன்னால் ஏலே என்று கத்துவதா? பள்ளியின் மானம் என்ன ஆவது?

பி.டி. சார் ரொம்பப் பணிவாக, "சார், திருநெல்வேலியில வேற எப்படி சார் கூப்பிட?" என்றார்.

ஹெச்.எம். ஜன்னலைப் பாதி சாத்தினார். "சரி. விருந்தினரைப் பார்த்துக் கத்தக் கூடாது. கயிற்றைப் பார்த்துத்தான் கத்த வேண்டும்."


ஜனவரி 25, ஞாயிறு

குறுக்குத்துறை ஆற்றில் பயிற்சி. முழங்கால் தண்ணீரில் நின்று இழுத்தால் காலுக்குப் பலம் வருமாம், பேச்சிமுத்துவின் கண்டுபிடிப்பு. பலம் வந்ததோ இல்லையோ, காஜா வழுக்கி விழுந்ததில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அக்காவின் சோப்பு ஆற்றோடு போய்விட்டது. புதுசு வாங்கிக் கொடுத்தோம். அவள் அதை வாங்கிக்கொண்டு, "இந்தா மைக்கு, கத்துததக் கொஞ்சம் அந்தப் பக்கம் போய்க் கத்து" என்றாள். முன்பின் தெரியாதவள். அவளுக்கும் மைக்காகிவிட்டேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவிடம் பேச்சை எடுத்தேன். அப்பா கீழ ரத வீதி ஜவுளிக் கடையில் சேல்ஸ்மேன். நாள் முழுக்கச் சேலைகளிடமும் பெண்களிடமும் தணிந்த குரலில் பேசிப் பேசி, வீட்டிலும் அதே குரல்தான். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை.

"எப்பா, வெள்ளிக்கிழம பள்ளிக்கூடத்துக்கு வரணும்."

அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "என்ன செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல! நான் கேப்டன். ஜெயிச்சா அப்பாதான் மேடையில கோப்ப தரணும்."

"பைய பேசு, பைய பேசு" என்றார் அப்பா. எனக்குத் தெரிந்து அவர் அதிகமாகச் சொன்ன வார்த்தை அதுதான். பிறகு காலண்டரைப் பார்த்தார். "தை மாசம்லா. முகூர்த்தக் கூட்டம். அண்ணாச்சி லீவு தர மாட்டாக. அம்மா வரட்டும்."

அம்மா வருவாள். சந்தோஷம்தான். ஆனால் ஹெச்.எம். ரூமில் கையைக் கட்டி நின்றது அம்மா இல்லை. இதை எப்படி வாய் விட்டுச் சொல்ல?


ஜனவரி 28, புதன்

தொண்டை போச்சு.

நேற்று மாலையே கரகர. இன்று காலை எழுந்து அம்மாவைக் கூப்பிட்டேன், காற்றுதான் வந்தது. இரண்டு நாள் இருக்கிறது. வேறு எந்த வாரமும் கிடைக்கவில்லையா இந்தத் தொண்டைக்கு? ஏழு வருடமாக வேண்டாம் வேண்டாம் என்று எல்லாரும் சொன்னபோது நன்றாக இருந்தது.

இன்று உள்ளே போனவை: மிளகுப் பால். உப்புத் தண்ணீர் (கொப்பளித்தது, கொஞ்சம் விழுங்கியும் விட்டேன்). சித்தரத்தை. காஜாவின் அம்மா கொடுத்துவிட்ட இஞ்சித் தேன். பேச்சிமுத்து தந்த மெந்தால் மிட்டாய். டாக்டர் மாத்திரை. டாக்டர் சொன்னது: ஒரு வாரம் பேசக் கூடாது.

பேச்சிமுத்துவைக் கத்தச் சொல்லிப் பார்த்தோம். ஆட்டுக்குட்டி மாதிரி இருந்தது. தவிர அவன் கயிற்றில் நிற்க வேண்டும். விசில் ஊதலாமா என்று காஜா கேட்டான். விசில் நடுவருக்கு மட்டும்தான் என்றார் பி.டி. சார். என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவர் கேலி செய்யாததுதான் பயமாக இருந்தது.

பதினொன்றாம் வகுப்புப் பையன்களோடு இன்று இழுத்தார்கள். தோற்றார்கள்.


ஜனவரி 29, வியாழன்

ராத்திரி தூக்கமில்லை. ஆனால் விடியும்போது ஒரு யோசனை.

எங்கள் வகுப்பில் ஐம்பதுக்கு மேல் பையன்கள். எட்டுப் பேர் கயிற்றில். மற்றவர்கள் விளையாட்டு விழா அன்று வரவே மாட்டார்கள். டி செக்ஷன் வழக்கம் அது. தோற்பதை எதற்கு வெயிலில் நின்று பார்க்க வேண்டும் என்று பாபநாசம் அருவிக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். நாளைக்கும் அதுதான் திட்டம். புளியோதரை யார் கொண்டுவருவது என்பது வரை பேசி முடித்தாயிற்று.

முதல் பீரியட் சார் வருவதற்கு முன்னால் போர்டில் எழுதினேன்: "எனக்குத் தொண்டை இல்லை. உங்களுக்கு இருக்கிறது. நான் துண்டைத் தூக்கினால் ஏ. இறக்கினால் லே."

"மைக்கு ரிப்பேரு, ஸ்பீக்கர் வேணுமாம்" என்று பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன். சிரிப்பு. இன்னொருத்தன், "அருவியில தண்ணி நல்லா விழுதாம் மக்கா, அத விட்டுட்டு..." என்றான். எனக்கு வந்ததே கோபம். கத்த முடியாதவனின் கோபம் மாதிரி மோசமான கோபம் கிடையாது. கீழே பெரிதாக எழுதினேன்:

"நாளைக்கு வராதவன் ஏ செக்ஷன்."

பிறகு பின் பெஞ்ச்காரன் எழுந்து, "ஏலே, அவ்வளவு கேவலமாப் பேசாதலே. வாரோம்" என்றான்.

மாலை எல்லாரும் கிரவுண்டில். துண்டு மேலே, துண்டு கீழே. முதலில் சந்தைக்கடை மாதிரி இருந்தது. இருட்டுவதற்குள் பரவாயில்லை.

ராத்திரி ஒரு துண்டுத்தாளில் எழுதி அப்பா தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "நாளை மதியம். முடிஞ்சா வாங்க." படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ரசம் கேட்டார்.


ஜனவரி 30, வெள்ளி

ஜெயித்துவிட்டோம் ஜெயித்துவிட்டோம் ஜெயித்துவிட்டோம்.

ஒழுங்காக எழுத வேண்டும். கை நிற்க மாட்டேன் என்கிறது.

காலையில் மார்ச் பாஸ்ட், ஓட்டப்பந்தயம். ஒன்றும் கண்ணில் படவில்லை. அம்மா ஷாமியானாவுக்குள் இரண்டாவது வரிசை, மாம்பழக் கலர் பட்டுச் சேலையில். அப்பா இல்லை.

முதல் போட்டி சி செக்ஷனோடு. போன வாரம் சிரித்தவர்கள். இரண்டு இழுப்பிலும் சுருட்டிவிட்டோம். கயிற்றை விட்டுவிட்டு இப்போது சிரிக்கட்டும். கிரவுண்டில் பாதிப் பேருக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. டி செக்ஷன் முழுசாக வந்து நிற்பதைப் பார்த்தே ஆசிரியர்கள் பேசிக்கொண்டார்கள்.

இறுதி ஏ செக்ஷனோடு. மூன்றில் இரண்டு. முதல் இழுப்பில் தோற்றோம். காரணம் எனக்கு உடனே தெரிந்தது. வகுப்புப் பையன்கள் ஆர்வத்தில் கயிற்றைப் பார்க்கிறார்கள், என் துண்டைப் பார்க்கவில்லை. லே ஆளுக்கொரு நேரத்தில் வந்தது. நான் அவர்கள் முன்னால் போய் நின்று, இரண்டு விரலால் அவர்கள் கண்ணையும் பிறகு துண்டையும் காட்டினேன். அப்படி நின்றால் கயிறு எனக்கு முதுகுப் பக்கம். என் போட்டியை நானே பார்க்க முடியாது. பரவாயில்லை.

இரண்டாவது இழுப்பு. ஏ... லே! ஏ... லே! பின்னால் என்ன நடக்கிறது என்று பையன்களின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். வாய்கள் திறந்தன, எல்லாரும் குதித்தார்கள். நமக்கு!

மூன்றாவது. முடியவே இல்லை. துண்டைத் தூக்கி இறக்கி, தூக்கி இறக்கி, முகங்களில் ஒரு மாற்றமும் இல்லை. கயிறு அசையவில்லை என்று அர்த்தம். காஜா முனகுவது கேட்டது. பையன்களின் சத்தம் உடைய ஆரம்பித்தது. வெயில், பசி, காலையிலிருந்து கத்தியிருக்கிறார்கள். ஏ வந்தது, லே பாதிதான் வந்தது. பின் வரிசையில் ஒருத்தன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். போச்சு என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

துண்டைத் தூக்கினேன்.

"ஏ...!"

என் குரல். என் குரலேதான், ஆனால் என் வாயிலிருந்து வரவில்லை. பையன்களுக்குப் பின்னால், சைக்கிள் ஸ்டாண்டு பக்கம், கடையின் நீலச் சட்டையில் அப்பா. தோளில் அளவு டேப் அப்படியே தொங்குகிறது. கழுத்து நரம்பு புடைத்து, கண் என் துண்டின் மேல்.

பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு பேரும் மூச்சை இழுத்தார்கள். நான் துண்டை இறக்கினேன்.

"லே!"

அந்த லே டவுண் முழுக்கக் கேட்டிருக்கும். இன்னொன்று. இன்னொன்று. பிறகு விசில். எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் என்னைத் தாண்டி ஓடினார்கள். திரும்பிப் பார்த்தேன். ஏ செக்ஷன் எங்கள் பக்கத்து மண்ணில் கிடந்தது. காஜா மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துச் சிரிக்கிறான். பேச்சிமுத்து என்னைத் தூக்கினான். காயப்போட்ட சட்டையைத் தூக்குவது சுலபம்தானே.

மைக்கில் என் பேர். என் அப்பா பேர். அப்பா மேடை ஏறினார். ஹெச்.எம்.-ஐக் கண்டதும் பழக்கதோஷத்தில் கையைக் கட்டிக்கொண்டார். ஹெச்.எம். அந்தக் கைகளைப் பிடித்துப் பிரித்து, கோப்பையை வைத்தார். அப்பா அதை என்னிடம் தந்தார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. என்னால் முடியாது. அவராலும் முடியவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

அழுதேன். சத்தம் வராததால் யாருக்கும் தெரியாது.

சிறப்பு விருந்தினர் பேசும்போது, "பன்னிரண்டு டி மாணவர்களுக்கு..." என்று ஆரம்பித்துக் கொஞ்சம் நிறுத்தி, "ஏலே, பிரமாதம்லே!" என்றார். அவரும் இந்த ஊர்தானாம். ஹெச்.எம். கைதட்டினார், வேறு வழி?


ஜனவரி 31, சனி

பனி இல்லை. அம்மா ஏக குஷி. "ரெண்டு பேருக்கும் தொண்ட கெட்டுப்போச்சு. கல்யாணமான நாள்ல இருந்து இன்னைக்குத்தான் வீடு அமைதியா இருக்கு." இரண்டு டம்ளர் மிளகுப் பால். அப்பாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து குடித்தோம்.

மதியம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு கடைக்குப் போனேன். முகூர்த்தக் கூட்டம். அப்பா சேலையை விரித்து, விலையை விரலால் காட்டிக்கொண்டிருந்தார். வியாபாரம் ஒன்றும் குறைந்த மாதிரி தெரியவில்லை.

கல்லாவில் முதலாளி அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியை இறக்கினார்.

"வாய்யா பெரிய மனுசா. நேத்து ஒங்கப்பா நல்ல யாவார நேரத்துல வந்து, பள்ளிக்கூடத்துல கூப்புட்டாகன்னு நிக்காரு. வழக்கமான பஞ்சாயத்துதான்னு நானும் அனுப்புனேன். திரும்பி வந்தா மனுசனுக்குப் பேச்சே வரல. அப்படி அவரக் கத்த வச்சிருக்க." அப்பா பக்கம் திரும்பினார். "இந்தத் தடவ என்னத்தவே செஞ்சான்?"

அப்பா கையிலிருந்த சேலையைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார். கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஜெயிச்சான், அண்ணாச்சி."